மூக்கைப் பற்றிய முதல் முறைப்பாடு

தர்ஷனாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. பரவாயில்லை, கோபம் வந்தால்தான் எனக்கு எழுத்தும் வரும்.

கண்டி திருகோணமலை வீதியில் என் போட்டோகொப்பிக் கடையும் ஜமால்தீன் நானாவின் பிரேம் கடையும் ஒட்டினாற்போல இருக்கின்றன. நடுவில் இருப்பதற்குச் சுவர் என்று பெயர், உண்மையில் வெறும் பலகை. அந்தப் பக்கம் ஆணி அடித்தால் இந்தப் பக்கம் என் கலண்டர் விழும். பன்னிரண்டு வருடமாக விழுகிறது. அந்தக் கடையில்தான் தர்ஷனா வேலை செய்கிறாள். வயது முப்பத்தாறு. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தினமும் கலஹா வழியாக பஸ்ஸில் வந்து இறங்குவாள். கையில் சாப்பாட்டுப் பெட்டி, சட்டைக் கையில் கரித்தூள் கறை. ஆட்களின் முகத்தைப் படமாக வரைவது அவள் தொழில். செத்த ஆட்களை மட்டும்.

பயப்பட ஒன்றுமில்லை. தோட்டத்தில் ஒருவர் கண்ணை மூடினால் கருமாதிக்கு முன்னால் வீட்டில் ஒரு படம் மாட்டியாக வேண்டும். உயிரோடு இருக்கும்போது யார் அதற்கென்று நிதானமாகப் படம் எடுத்து வைக்கிறார்கள்? அலுமாரியைக் குடைந்தால் கடைசியில் அகப்படுவது அடையாள அட்டைப் படம். அதில் எல்லோரும் களவு வழக்கில் பிடிபட்டவர்கள் போலத்தான் இருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் யாருடையதோ கல்யாணப் படம், அதில் பின்வரிசையில் ஒரு நெற்றியும் ஒரு கண்ணும். அதைக் கொண்டுவந்து நீட்டி, "இந்தக் கண்ணுதாங்க எங்கப்பா" என்பார்கள். தர்ஷனா கரித்தூளையும் பிரஷையும் வைத்துக்கொண்டு மீதி அப்பாவைச் செய்து கொடுப்பாள்.

கேட்பவர்களும் லேசில் விடுவதில்லை. கோட் போட வேண்டும், கைக்கடிகாரம் கட்ட வேண்டும். "மண்டையில கொஞ்சம் முடி வைங்க, பாவம், ஆசைப்பட்டுக்கிட்டே போயிட்டாரு" என்று ஒருவர் கேட்டார். ஒரு தடவை எழுபது வயதில் செத்த ஒரு அம்மாவின் படமும், நாற்பது வருடத்துக்கு முன்னால் செத்த அவர் புருஷனின் படமும் வந்தன. இரண்டையும் சோடியாக வரைய வேண்டுமாம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தாயும் மகனும் போல இருந்தது. தர்ஷனா இரண்டு நாள் யோசித்து அந்த மனுஷனுக்கு நரை வைத்து, கன்னத்தை ஒட்ட வைத்து, கண்ணாடி போட்டு, அவர் வாழாத நாற்பது வருடத்தையும் வாழ வைத்துவிட்டாள். மகன்மார் வந்து பார்த்து, "வயசாகியிருந்தா அப்பா இப்படித்தான் இருந்திருப்பாரு" என்று அழுதார்கள். நானும் அழுதுவிடக் கூடாதே என்ற கோபத்தில் அன்று போட்டோகொப்பி எடுக்க வந்த மனுஷனிடம் எரிந்து விழுந்தேன்.

இப்படியே பதினெட்டு வருடத்தில் நானூறு முகத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதன் பலனாக, தெல்தோட்டையிலிருந்து ஹேவாஹெட்ட வரை ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. தர்ஷனா வரைந்தால் ஆள் காலி. ஆள் காலியான பிறகுதான் அவள் வரைகிறாள் என்று எத்தனை தடவை சொன்னாலும் யாருக்கும் ஏறுவதில்லை. பஸ்ஸில் அவள் யாரையாவது கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அவர் அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவார். எவ்வளவு கூட்டமென்றாலும் அவளுக்கு சீட் கிடைப்பது அப்படித்தான்.

இந்த லட்சணத்தில் இந்த வருடம் ஒரு கண்காட்சி வந்து சேர்ந்தது. வாவிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு கலைச் சங்கம் இருக்கிறது. அதன் செயலாளரான டீச்சர் ஒருவர் பிரேம் போட வந்த இடத்தில் தர்ஷனாவின் படங்களைப் பார்த்துவிட்டு நகரவே இல்லை. முகம் செய்யும் பெண்கள் மூன்று பேரைச் சேர்த்து ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னார். ஆளுக்கொரு விதமான வேலை. தர்ஷனாவுக்குக் கரித்தூள்.

இரண்டாவது ஆள் நானாவின் மகள் ஷஹ்மா. அவளுக்கு ஊசியும் நூலும். வீட்டில் முகப் படம் மாட்டுவது அவள் உம்மாவுக்குப் பிடிக்காது. ஷஹ்மா அதற்காகச் சண்டை போடவில்லை, எல்லோரையும் பின்னாலிருந்து தைக்கத் தொடங்கிவிட்டாள். பிடரி, காது மடல், தொப்பியின் விளிம்பு, அவ்வளவுதான். ஆனால் யாரென்று பார்த்தவுடன் தெரியும். அவள் தைத்த நானாவின் பிடரியைப் பார்த்து ஒரு வாடிக்கையாளர் சலாம் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். மூன்றாவது ஆள் லோஜினி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கல்யாணம் கட்டி கட்டுகஸ்தோட்டைக்கு வந்தவள். கேக்கின் மேல் ஐசிங்கால் முகம் செய்வாள், அச்சு அசலாக இருக்கும். கஷ்டம் என்னவென்றால் பிறந்தநாள்காரர் தன் மூக்கைத் தானே வெட்ட வேண்டும்.

டீச்சர் ஒரேயொரு நிபந்தனை போட்டார். மூவரும் உயிரோடு இருக்கும் ஆளை முன்னால் இருத்தி வைத்துத்தான் செய்ய வேண்டும். திறப்பு விழாவுக்கு அந்த ஆளும் வந்து தன் படத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் படமும் இல்லை.

ஷஹ்மாவுக்கு நானாவின் பிடரி தயாராக இருந்தது. லோஜினியின் மாமியார் தானே முன்வந்து உட்கார்ந்தார். தர்ஷனாவுக்கு ஒருத்தரும் அகப்படவில்லை. முதலில் புருஷனைக் கேட்டாள். தினேஸ் நல்ல பையன், த்ரீவீலர் ஓட்டுகிறான், பெண்டாட்டியின் கைவேலையைப் பற்றிப் பெருமை பேசாத நாளில்லை. "ஒரு மணித்தியாலம் சும்மா ஒக்காந்திருங்க, வரையணும்" என்று அவள் சொன்னதும் அவன் முகம் வெளுத்துவிட்டதாம். "இப்ப என்ன அவசரம் ஒனக்கு?" என்று கேட்டானாம். அடுத்து அவளுடைய அம்மா. அந்த மனுஷி அன்றைக்கே பையைக் கட்டிக்கொண்டு கலகெதரவில் இருக்கும் மூத்த மகள் வீட்டுக்குப் போனவர், கண்காட்சி முடியும் வரை திரும்பவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்டி இந்தப் பாடு? முடியாதுன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டுப் பேசாம இரு" என்றேன். பகல் சாப்பாட்டு நேரம். இருவரும் என் கடையில் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "நானூறு பேரு வரைஞ்சிட்டேங்கக்கா. ஒருத்தராவது தன்னோட படத்தைப் பாத்திருக்காங்களா? மகன் பாப்பான், பொண்டாட்டி பாப்பா, அழுவாங்க, நல்லாருக்குன்னு சொல்லுவாங்க. செத்தவங்க படத்துல யாரு குத்தம் சொல்லப் போறா? நான் சரியா வரையறேனா இல்லையான்னு எனக்கே தெரியாதுக்கா. ஒரே ஒருத்தர் முன்னாடி நின்னு பாத்தாப் போதும். நல்லால்லேன்னு சொன்னாக்கூடப் பரவால்ல."

என் மனசு கரைந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் அவள் பெட்டியிலிருந்து ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்துத் தின்றேன்.

கடைசியில் ஒருவர் அகப்பட்டார். இராமகிருஷ்ணன் ஐயா, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தெல்தோட்டையில் மீசைக்கு மை பூசும் ஒரே மனிதர். தன் மீசை கண்டியில் காட்சிக்கு வைக்கப்படும் என்றதும் உயிரைத் துச்சமென்று எண்ணிச் சம்மதித்துவிட்டார். சனிக்கிழமை வந்து உட்கார்ந்தார். மீசை, வாய், இரண்டு காது, ஒரு கண் வரை முடிந்தது. எழுந்து போகும்போது ஒரு தும்மல் போட்டார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவர் வீட்டம்மா வந்து இறங்கினார். கடை கூடத் திறக்கவில்லை. "அந்தாளுக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குது. அழிச்சிரு புள்ள, முழுசா அழிச்சிரு" என்று படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். வெறும் தடிமல் காய்ச்சல் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. கடை திறந்ததும் தர்ஷனா துணியை எடுத்தாள். அந்தம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு வீட்டோடு தொடர்பில் இருந்தார்.

"வலது காது அழிஞ்சிருச்சுங்க. இப்ப எப்படி இருக்கு?... கொஞ்சம் பரவால்லயா? ரெண்டாவது காதும் அழியுது, பொறுங்க... கண்ணு போயிருச்சு. தலைவலி?... விட்டுருச்சா! புள்ள, அவருக்குத் தலைவலி விட்டுருச்சாம்!"

மீசையை அழிக்கும்போது அவருக்குப் பசி எடுத்துவிட்டது. வெறும் கடதாசியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அந்தம்மா ஒன்பதரை பஸ்ஸுக்குப் போனார். இராமகிருஷ்ணன் ஐயா அன்று பகல் ரசமும் சோறும் சாப்பிட்டு வெற்றிலையும் போட்டாராம். அதோடு நம்பிக்கை சட்டமாகிவிட்டது.

தர்ஷனா அந்த வெறும் கடதாசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். திறப்பு விழாவுக்கு ஐந்து நாள் இருந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "இந்தக் காலத்துல இப்படியும் மடத்தனமா? அறிவுன்னு ஒண்ணு வேணாமா? தள்ளு, நான் ஒக்காருறேன்" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். வாயிலிருந்து வார்த்தை வெளியே போன பிறகுதான் நான் சொன்னது என்னவென்று எனக்கே உறைத்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஐந்து நாளும் நான் பயந்து செத்தேன். மருந்துக் கடையில் தினமும் பிரஷர் பார்த்தேன். வீதியைக் கடக்கும்போது மஞ்சள் கோட்டில் நின்று, பஸ் ஒன்றும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லையென்றால்தான் கால் வைத்தேன். ஹேவாஹெட்டயில் இருக்கும் என் தம்பி ரவிகுமாருக்குப் போன் எடுத்து, "அலுமாரிச் சாவி அரிசி டின்னுக்குள்ள இருக்கு, சும்மா சொல்லி வைக்கிறேன்" என்றேன். அவன் ஏன் எதற்கு என்று கேட்டான். "ஏன், சொல்லக்கூடாதா?" என்று ஏசிவிட்டு வைத்துவிட்டேன்.

அவளுக்கும் என்னை வரைவது சுலபமாக இருக்கவில்லை. அவளுடைய ஆட்கள் யாரும் அசைந்ததில்லை. நான் கொட்டாவி விட்டேன், சொறிந்தேன், என் கடை வாசலில் நிற்பவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டேன். "அக்கா, பேசாதீங்களேன், மூஞ்சி மாறுது" என்றாள். "உயிரோட இருக்கிறவ பேசாம என்ன செய்வா?" என்று கேட்டேன். அவள் பிரஷைக் கீழே வைத்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி, பேசுங்க" என்றாள். நான் பேசினேன். நீர்க்கட்டணப் பட்டியலிலிருந்து என் நாத்தனார் வரை எல்லோரையும் திட்டினேன். படத்தை மட்டும் அவள் காட்டவே இல்லை. திறப்பு அன்றுதான் பார்க்க வேண்டும் என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜமால்தீன் நானா பலகைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். "சந்திரிகா தங்கச்சி, ஒங்கட பிறந்த திகதி என்ன?" படத்துக்குக் கீழே விவரம் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். இங்கேதான் நான் கவனித்திருக்க வேண்டும். ஓவியம் வரைந்தவளின் பெயரைப் போடாமல் உட்கார்ந்திருந்தவளின் பிறந்த திகதியை எந்த ஊர்க் கண்காட்சியில் போடுகிறார்கள்?

சனிக்கிழமை காலை பட்டுச்சேலை கட்டி, முக்கால் மணித்தியாலம் முன்னதாகவே புறப்பட்டேன். ஆனால் மூன்று இடத்தில் வீதியைக் கடக்க வேண்டியிருந்ததால் அரை மணித்தியாலம் பிந்தித்தான் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நான் இல்லாத நேரத்தில் அங்கே நடந்ததைப் பிறகு ஷஹ்மா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

பிரதம விருந்தினர் வந்திருக்கிறார். ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் காணவில்லை. லோஜினி கேக் கத்தியைக் கொடுத்திருக்கிறாள். மனுஷன் ரிப்பனை வெட்டிய வேகத்தில் நேரே போய் கேக்கையும் வெட்டிவிட்டார். அது லோஜினியின் மாமியாரின் முகம். மாமியார் பக்கத்தில்தான் நிற்கிறார். தன் வலது காது ஒரு தட்டில் போவதை அவர் பார்த்திருக்கிறார், அடுத்த தட்டில் தன் கன்னத்தை வாங்கித் தானே தின்றும் பார்த்திருக்கிறார். "சீனி காணாது பிள்ளை, இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்றாராம்.

நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே ஒரு ஆணின் அழுகைச் சத்தம் கேட்டது. எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். என் தம்பி ரவிகுமார். அக்காவின் படம் வைக்கிறார்களே என்று ஹேவாஹெட்டயிலிருந்து எனக்குச் சொல்லாமல் வந்திருக்கிறான். தலையில் கையை வைத்துக்கொண்டு ஒரு கதிரையில் உட்கார்ந்திருக்கிறான். லோஜினி அவனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவனுக்கு எதிரே சுவரில் நான்.

தங்கநிறப் பிரேமுக்குள் இருந்தேன். கழுத்தில் சந்தனச் சீவல் மாலை. தலைக்கு மேல் சின்னச் சிவப்பு பல்ப் மினுக் மினுக்கென்று எரிகிறது. கீழே ஒரு பித்தளைத் தகடு. இடது பக்கம் 'மலர்வு' என்று என் பிறந்த திகதி. வலது பக்கம் 'உதிர்வு' என்று போட்டு, இடம் விடப்பட்டிருக்கிறது. திறப்பு விழாக் குத்துவிளக்கையும் யாரோ நல்ல மனதோடு என் படத்துக்கு நேர் கீழே கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

"டேய் ரவி!" என்று கத்தினேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். படத்தைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். "அக்கா, வேணாம், கிட்ட வராத!" என்று கதிரையோடு பின்னால் சரிந்தான். அதற்கு முன்பே அவன் எங்கள் குடும்பக் குழுவில் செய்தியும் போட்டுவிட்டான். என் பைக்குள் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. முப்பத்தொரு ஆழ்ந்த அனுதாபங்கள். என் சித்தி மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தார்: 'போன கிழமை கூட என்னோட சண்டை பிடிச்சா. நல்ல மனுசி.' என் நாத்தனார் சாவி எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தாள்.

நான் நானாவைத் தேடிப் பிடித்தேன். அவர் தன் பிடரிப் படத்துக்கு முன்னால் முகத்தைக் காட்டிக்கொண்டு பெருமையோடு நின்றிருந்தார். "என்ன வேலை நானா இது?" என்றேன்.

"பிழையா தங்கச்சி?" என்றார் அவர், உண்மையிலேயே விளங்காமல். "தர்ஷனாட ஓடருக்கு மாலையும் பல்ப்பும் தகடும் எப்பவும் சும்மா குடுக்கிறதுதானே. ஒங்களுக்கு மட்டும் குடுக்காம ஈந்தா நல்லா ஈக்குமா? திகதி ஒண்டுதான் கிடைக்கல்ல, அதான் இடம் விட்டிருக்கேன்."

பதினெட்டு வருடப் பழக்கம். அவர் கை தானாகப் பொதி கட்டியிருக்கிறது. சங்கத்து டீச்சரோ இதையெல்லாம் கலைஞரின் புதுமை என்று நினைத்து, மாலையைச் சரி பார்த்து, பல்ப்புக்கு வயரும் இழுத்துக் கொடுத்திருக்கிறார். நான் மண்டபம் அதிரக் கத்தினேன். நானாவை ஏசினேன், டீச்சரை ஏசினேன், ரவியை இரண்டு தடவை ஏசினேன். பிரதம விருந்தினர் கையில் மாமியாரின் காதோடு ஓரமாக ஒதுங்கினார்.

அப்போதுதான் தர்ஷனாவைக் கண்டேன். தூணோரத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். மாலையையும் பல்ப்பையும் அவள் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு அமளியிலும் நான் ஒரு காரியத்தை இன்னும் செய்யவில்லை என்பது அவளுக்குத்தான் தெரிந்திருந்தது.

மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றேன். படத்தைப் பார்த்தேன்.

படத்தில் இருந்தவள் யாரையோ ஏசப் போகிறாள். வாய் இன்னும் திறக்கவில்லை, ஆனால் இடது புருவம் ஏறிவிட்டது. கண்ணுக்குக் கீழே இரண்டு சுருக்கம். ஏசி முடித்ததும் அவளே போய் அவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பாள் என்பதும் அந்தச் சுருக்கத்தில் எப்படியோ தெரிந்தது. ஐம்பத்திரண்டு வருடம் இந்த முகத்தைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன், ஒருவர்கூட என்னை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று அந்த இடத்தில் நினைத்தேன். அழுகை வந்தது. சபையில் அழுகிற ஆள் நானில்லை.

"ஏன்டி," என்றேன், "எனக்கு மூக்கு இவ்வளவு பெரிசா?"

தர்ஷனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. தோள் குலுங்கியது. அழுகிறாளாக்கும் என்று கிட்டப் போய்ப் பார்த்தால் சிரிக்கிறாள்.

"பெரிசுதாங்கக்கா" என்றாள்.

"பொய். கண்ணாடியில நான் தினமும் பாக்கிறேன். அப்புறம் இந்த நாடிக்குக் கீழே என்ன ரெண்டாவது நாடி? அதை யாரு கேட்டா? கழுத்துல கோடு வேற! இந்த மச்சத்தையாவது விட்டிருக்கக் கூடாதா?"

அவள் ஓடிப்போய் ரவி விழுந்து கிடந்த கதிரையை நிமிர்த்திக்கொண்டு வந்து படத்துக்கு முன்னால் போட்டாள். என்னைத் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் சொல்லுங்கக்கா" என்றாள்.

சொன்னேன். மாலையை மடியில் வைத்துக்கொண்டு, அரை மணித்தியாலம், ஒன்று விடாமல் சொன்னேன்.